பழைய பெட்டிகள்

பாலாஜி சார் 'ஸ்டாண்டர்ட்' என்று சொல்லும்போது குரல் தானாகவே தணியும், கோயிலுக்குள் பேசுகிறவர் மாதிரி. எனக்கோ அந்தச் சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வரும். எச்சரிக்கைச் செய்தி எப்படி இருக்க வேண்டும் என்று உலகத்துக்கே விதி வகுக்கும் அந்த ஸ்டாண்டர்டை எழுதியவர்களில் ஒருவராவது பாகலூர் ரோட்டுக் குளிர்க்கிடங்கில் ஏணி போட்டு ஏறிப் பெட்டி மாட்டியிருப்பாரா? நான் மாட்டியிருக்கிறேன். எங்கள் கம்பெனியில் என் வேலையே அதுதான்.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ஸ்பிரிங் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் கம்பெனி. வாயுக் கசிவு எச்சரிக்கைப் பெட்டிகள் செய்கிறோம். எங்காவது அமோனியா கசிந்தால் அங்குள்ள சென்சார் எங்கள் சர்வருக்குச் சொல்லும். சர்வர் ஒரு செய்தியைத் தயாரித்து அந்தத் தொழிற்சாலைச் சுவர்களில் தொங்கும் பெட்டிகளுக்கெல்லாம் அனுப்பும். பெட்டி சைரன் அடித்துவிட்டு வாயைத் திறந்து பேசும்: அமோனியா கசிகிறது, வேலையை விட்டுவிட்டு உடனே வெளியே போங்கள். மற்ற நேரமெல்லாம் ஒரு பச்சை விளக்கை எரியவிட்டுக்கொண்டு சும்மா இருக்கும்.

அந்தச் செய்தியைத் தயாரிக்கும் நிரலை எழுதுகிறவள் மாதேஸ்வரி, அவளுக்கு மேலதிகாரி பாலாஜி சார். மத்திகிரியில் வாடகை வீட்டில் அம்மாவோடு இருக்கிறாள். அம்மா மாதம்மாள் சிங்காரப்பேட்டைப் பக்கம் வயல்காட்டு வேலை செய்துகொண்டிருந்தவர். மகளுக்கு இங்கே வேலை கிடைத்ததும் கூடவே வந்து, பாகலூர் ரோட்டில் ரோஜாப்பூ ஏற்றுமதி செய்யும் ஒரு குளிர்க்கிடங்கில் பூத் தரம் பிரிக்கப் போனார். அந்தக் கூடத்துச் சுவரில் தொங்கியது எங்களுடைய பழைய பெட்டி. புது வகைப் பெட்டி வருவதற்கு முன்னால் செய்தவை எல்லாமே அப்படி ஊர் முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தன.

செய்தி எக்ஸ்எம்எல் என்ற வடிவத்தில் போகும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தகவலுக்கும் முன்னாலும் பின்னாலும் அதன் பெயரைப் போட்டு மூடி அனுப்புவதுதான். இடம் என்று திறந்து, ஊரைச் சொல்லி, இடம் என்று மூடுவார்கள். அப்புறம் அறிவிப்பு என்று திறந்து, பெட்டி பேச வேண்டியதைச் சொல்லி, அறிவிப்பு என்று மூடுவார்கள். இவ்வளவு காலமும் ஒரே ஒரு அறிவிப்புப் பகுதிதான் போனது, தமிழில்.

எங்கள் பக்கம் ஒரு ஷெட்டுக்குள் நின்றால் நாலு மொழி காதில் விழும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் இங்கேயே பிறந்தவர்கள். இந்தி பேசுகிறவர்கள் ரயிலேறி வந்தவர்கள். ஆபத்து நேரத்தில் எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள், நியாயமான கோரிக்கைதான். செய்தியை நீட்ட வேண்டியதாயிற்று. எப்படி நீட்டுவது என்பதில்தான் மாதேஸ்வரிக்கும் பாலாஜி சாருக்கும் முட்டிக்கொண்டது.

"தமிழ் இருக்கற பகுதியத் தொடவே வேணாங்க சார்" என்றாள் அவள். "மத்த மூணையும் புதுப் பேர்ல ஒரு தனிப் பகுதியா கடைசியில சேத்துடலாம். புதுப் பெட்டி அதப் படிக்கும். பழசு, தெரியாத பேரா இருக்குதுன்னு தாண்டிப் போயிடும்."

"எதுக்கு ஒட்டுப் போடற வேலை? ஸ்டாண்டர்டே சொல்லுது, அறிவிப்புப் பகுதி எத்தனை வேணா வரலாம்னு. மொழிக்கு ஒண்ணா நாலு பகுதி போடு. உலகத்துல யாரு படிச்சாலும் புரியும்."

"ஸ்டாண்டர்ட் ஒத்துக்கும் சார். பழைய பெட்டி ஒத்துக்குமா? அத எழுதுன ஆளு ஒரு பகுதிதான் வரும்னு நெனச்சு எழுதியிருந்தா?"

"அப்படி எழுதியிருந்தா அது அவன் தப்பு."

"தப்பு அவரோடதாவே இருக்கட்டும் சார். பெட்டி எங்கம்மா தலைக்கு மேல தொங்குது."

பாலாஜி சார் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொல்கிறவள் ஆவேன். ஆனால் அழகாக இருப்பது சரியாகவும் இருக்கும் என்று நம்புகிற சாதி. பழைய பெட்டியின் நிரலை எழுதிய ஆள் எப்போதோ பெங்களூருக்குப் போய்விட்டார். போட்டுப் பார்க்கலாம் என்றால் அலுவலகத்தில் ஒரு பழைய பெட்டிகூட இல்லை. கடைசியாக மிஞ்சியிருந்ததை, இடி விழுந்து பெட்டி கருகிப்போன சூளகிரிக் கம்பெனி ஒன்றுக்கு முதலாளி அவசரமாகக் கொடுத்துவிட்டார். எழுதிவைத்த நிரல் எங்கோ பழைய கணினியில் கிடந்தது, அதைத் தேடி எடுக்க நேரம் தரப்படவில்லை.

"திங்கக்கிழமை சோதனை இருக்குல்ல?" என்றார் பாலாஜி சார். "பழைய பெட்டி பேசலைன்னா அன்னிக்கே தெரிஞ்சிடும். உடனே உன் வழிக்கு மாத்திடறேன், போதுமா?"

அது ஒப்புக்கொள்ளக்கூடிய பேச்சாக இருந்தது. அவளும் ஒப்புக்கொண்டாள்.

திங்கட்கிழமை சோதனை எங்கள் பழக்கம். வாரத்தின் முதல் டீ இடைவேளையில் எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரு சோதனைச் செய்தி போகும். எல்லாம் சைரன் அடித்து 'இது சோதனை' என்று சொல்லும். பேசாத பெட்டி இருந்தால் அந்த இடத்து மேற்பார்வையாளர் எனக்குப் போன் செய்வார், நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடுவேன்.

எல்லா இடத்துக்கும் அனுப்பும் முன்பு, ஜூஜுவாடியில் கர்நாடக எல்லைக்குப் பக்கத்தில் புதுப் பெட்டிகள் மட்டுமே மாட்டிய ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வெள்ளோட்டம் விட்டார்கள். திங்கட்கிழமை பெட்டி நாலு மொழியில் பேசியது, தமிழ் முதலில். எங்கள் மொழி ஏன் இரண்டாவது என்று கன்னடக்காரர்கள் கேட்டார்கள். அடுத்த வாரம் கன்னடத்தை முன்னால் போட்டார்கள். தமிழ் ஆட்கள் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றார்கள். இந்திக்காரர்கள், தங்கள் மொழி கடைசியாக வருவதற்குள் டீ நேரமே முடிந்துவிடுகிறது என்றார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை, ஆனால் அடிக்கிற தூரம் வரைக்கும் போய்விட்டது.

"சார், வாரா வாரம் இந்தத் தலைவலி எனக்கு வேணாம்" என்று அந்தத் தொழிற்சாலையின் மேலாளர் போனில் கத்தினார். "நெசமாவே கசிஞ்சா நாலு மொழி பேசட்டும். சோதனைக்கு எதுக்குங்க?"

பாலாஜி சாருக்கும் அது நியாயமாகப் பட்டது. உயிர் போகிற நேரத்தில் யாரும் எந்த மொழி முதலில் என்று கேட்கப் போவதில்லை. சோதனைச் செய்தியை மட்டும் பழையபடி ஒரே பகுதியாகத் தமிழில் வைத்துவிட்டார். உண்மையான எச்சரிக்கை நாலு பகுதியோடு போகும். அந்த வாரம் மாதேஸ்வரி அம்மாவோடு சிங்காரப்பேட்டைக்கு ஒரு சாவுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது யாரும் அவளிடம் சொல்லவில்லை. மறைத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டிய விஷயமாக யாருக்குமே தோன்றவில்லை, எனக்கும்தான்.

ஜனவரியில் புது வடிவம் எல்லா இடத்துக்கும் போனது. திங்கட்கிழமை வந்தது. பழைய பெட்டி, புதுப் பெட்டி எல்லாம் கணீரென்று பேசின. எனக்கு ஒரு போன்கூட வரவில்லை.

"பாத்தியா?" என்றார் பாலாஜி சார்.

மாதேஸ்வரி சிரித்தாள். கவலை விட்டுப்போன சிரிப்பு. பழைய பெட்டியும் பேசுகிறது என்று வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் சொல்லியிருக்கிறாள்.

குளிர்க்கிடங்கைக் குளிர வைப்பதே அமோனியாதான், அதன் வாடை அங்கே எப்போதும் கொஞ்சம் இருக்கும். பெட்டி வருவதற்கு முன்னால் அங்கே ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கண் எரிந்தால் யாராவது ஒருத்தி போய் அதைத் தட்டுவாள், எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். பாதி நேரம் ஒன்றுமே இருக்காது. பூ வாடுகிறதென்று மேற்பார்வையாளர் திட்டுவார். பெட்டி மாட்டியதும் தண்டவாளத்தை அவிழ்த்துப் போட்டுவிட்டார்கள். பெட்டி சொன்னால் போங்கள், சொல்லாவிட்டால் இடத்தை விட்டு அசையாதீர்கள் என்பது புதுச் சட்டம். பெண்கள் முதலில் முணுமுணுத்தார்கள். அவர்களைச் சமாதானம் செய்தவர் மாதம்மாள்தான். அந்தப் பெட்டியை என்னைவிட அதிகமாக நம்பியவர் அவர்.

பிப்ரவரியில் ரோஜாவுக்கு மூச்சு விட நேரமிருக்காது. காதலர் தினத்துக்குள் பூ வெளிநாடு போய்ச் சேர வேண்டும். அன்று காலை கூடம் நிறையப் பெண்கள், மேசை நிறையப் பூ. நடந்ததை எனக்குச் சொன்னவள் சாந்தம்மா. தெலுங்குக்காரி, மாதம்மாளுக்கு எதிர் மேசையில் இருந்தவள்.

முதலில் சொன்னது பவளம். குளிர் அறைக் கதவுக்குப் பக்கத்து மேசை அவளுடையது.

"மாதம்மாக்கா, கண்ணு எரியுதுக்கா. எப்பவும் போல இல்ல. வாங்க, வெளிய போயிடலாம்."

"என்னாத்துக்குப் பயப்படற? பொட்டி ஒண்ணும் சொல்லலியே."

"பொட்டிக்கு என்னாக்கா தெரியும்? தொண்ட கமறுது."

"எம்மவ செஞ்ச பொட்டி. அதுக்குத் தெரியாம இங்க ஒரு பொட்டு வாயு வராது. உக்காரு கண்ணு, இந்தக் கட்ட முடிச்சுட்டு டீக்குப் போலாம்."

எழுந்த பவளத்தின் கையைப் பிடித்து உட்கார வைத்தாராம். பவளமும் சுவரைப் பார்த்தாளாம். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உட்கார்ந்து இன்னொரு கட்டுப் பூவை எடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் குளிர் அறைக் குழாய் முழுசாக வெடித்தது. வெள்ளைப் புகை கதவு வழியாக வந்து கூடத்தை மூடிவிட்டது. வாசல் பக்கம் இருந்தவர்கள் ஓடித் தப்பினார்கள். மாதம்மாள் சுவரைத் தடவிக்கொண்டே வெளியே வந்து விழுந்தார், கண்ணும் நெஞ்சும் வெந்துபோய். பவளத்தைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவள் மூச்சு நின்றுவிட்டது.

மாதேஸ்வரி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அலுவலகத்துக்கு வந்தாள். முகத்தைக்கூடக் கழுவவில்லை. பழைய கணினியைத் திறந்து பெட்டியின் நிரலைத் தேடி எடுத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். ஓர் இடத்தில் விரல் வைத்துக் காட்டினாள். இரண்டாவது அறிவிப்புப் பகுதி வந்தால் செய்தி கெட்டுப்போனது என்று எடுத்துக்கொள், முழுசையும் தூக்கிப் போடு, பழையபடி இரு. அவ்வளவுதான் எழுதியிருந்தது. சென்சார் சரியாகச் சொல்லியிருந்தது, சர்வர் சரியாக அனுப்பியிருந்தது. பெட்டி செய்தியை வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு, குப்பையில் போட்டுவிட்டுப் பச்சை விளக்கோடு நின்றிருக்கிறது.

"அப்ப திங்கக்கிழமை எப்படிக்கா பேசுச்சு?" என்று கேட்டாள். ஜூஜுவாடிக் கதையை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். சோதனைக்கு ஒரு பகுதி, நிஜத்துக்கு நாலு பகுதி, சொல்லச் சொல்ல எனக்கே புரிந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வாந்தி எடுத்தாள்.

சர்வரில் சின்னத் திருத்தம் செய்தால் போதும், எல்லாப் பழைய பெட்டியும் பேசும். மாதேஸ்வரி கை வைக்கப் போனபோது பாலாஜி சார் வந்து நின்றார். அவர் முகமும் செத்துப்போயிருந்தது.

"வேண்டாம். வக்கீல் சொல்லியிருக்கார். இப்ப சர்வரைத் தொட்டா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. விசாரணை முடியற வரைக்கும் யாரும் எதையும் மாத்தக் கூடாது."

"அதுக்குள்ள வேற எடத்துல கசிஞ்சா?"

"தினமுமா கசியும்?"

"சார், பழைய பெட்டி எல்லாம் செவிடு சார். எத்தன சுவத்துல தொங்குதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அடுத்த நாள் காலை அவளுடைய கடவுச்சொல் வேலை செய்யவில்லை. என்னுடையது எப்போதுமே சர்வர் வரை போகாது. போலீசுக்குப் போகலாம் என்றேன். அங்கே போய்ச் சொன்னபோது, தொழிற்சாலை ஆய்வாளர் விசாரிக்கிறார், அவரிடம் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

கம்பெனி பத்திரிகைக்காரர்களிடம் பேசியிருந்தது. செய்தி அனுப்பப்பட்டது, பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது, அதற்குச் சர்வரில் பதிவு இருக்கிறது. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பத்திரிகைகள் மீதியைத் தாங்களே எழுதிக்கொண்டன: எச்சரிக்கை வந்தும் தொழிலாளர்கள் அலட்சியம். பவளத்தைப் புதைத்துவிட்டு வந்தவர்கள்கூட, நாலு பூவுக்காக உயிரை விட்டாளே என்று பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டுக்கொண்டு அவள் கணவன் பூங்காவனம் தலையைக் குனிந்து நின்றான். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்காமல் வந்துவிட்டேன்.

நாங்கள் தேடிப் போவதற்குள் தொழிற்சாலை ஆய்வாளரே வார்டுக்கு வந்தார், அப்போது நானும் இருந்தேன். மாதம்மாளின் இரண்டு கண்ணிலும் கட்டு. மூக்கில் ஆக்சிஜன். ஆய்வாளர் ஸ்டூலை இழுத்துப் போட்டு மெதுவாகத்தான் கேட்டார்.

"பெட்டி சத்தம் போட்டுச்சாம்மா?"

மாதம்மாள் மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

"போட்டுச்சுங்க. நல்லாவே கத்துச்சு. நாங்கதான் பூ கெட்டுடும்னு நின்னுட்டோம். பொட்டி மேல தப்பே இல்லீங்க."

சாந்தம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாதம்மாள் துழாவி அவள் கையைப் பிடித்து அழுத்தினார். ஆய்வாளர் எழுதிக்கொண்டார். கம்பெனியின் பதிவும் இந்த வாக்குமூலமும் ஒன்றோடொன்று பொருந்திப்போயின. எழுதி முடித்தால் விவகாரம் முடிந்தது. மகள் தப்பித்துவிடுவாள், பெட்டிகள் செவிடாகவே தொங்கும். எனக்கு அந்த அம்மாவின் மேல் கோபம் வரவில்லை. பெற்றவள் வேறு என்ன சொல்வாள்?

"அம்மா பொய் சொல்றாங்க சார்" என்றாள் மாதேஸ்வரி.

"பாப்பா, நீ சும்மா இரு."

"பெட்டி பேசவே இல்ல. பழைய பெட்டி எதுவும் பேசாது. இன்னைக்கு இந்த ஊர்ல வேற எங்க கசிஞ்சாலும் பேசாது. அந்தச் செய்தி வடிவத்துல வேலை செஞ்சது நான். எப்படின்னு காட்டறேன், வாங்க."

"அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க! அம்மாவ இப்படிப் பாத்து புத்தி கலங்கிப் பேசறா!" மாதம்மாள் எழுந்து உட்கார முயன்று இருமினார். இருமல் நிற்கவில்லை. நர்ஸ் ஓடி வந்தாள். மாதேஸ்வரி அம்மாவின் முதுகைத் தடவப் போனாள், மாதம்மாள் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

ஆய்வாளர் எழுதியதை அடித்தார். பிறகு சாந்தம்மாவைக் கேட்டார். அவள் அழுதுகொண்டே, பெட்டி வாயே திறக்கவில்லை என்று சொன்னாள்.

அன்று சாயங்காலமே உத்தரவு வந்தது. ஆய்வாளர் பக்கத்தில் நிற்க, மாதேஸ்வரி சர்வரைத் திருத்தினாள். தமிழ்ப் பகுதி பழைய இடத்தில் தனியாக, மற்ற மொழிகள் கடைசியில் புதுப் பெயரில், அவள் முதலில் சொன்ன மாதிரியே. நான் சிப்காட்டில் ஒரு பழைய பெட்டிக்குக் கீழே நின்றேன். சோதனைச் செய்தி இல்லை, நிஜச் செய்தியையே அனுப்பினார்கள். பெட்டி பேசியது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன, பெட்டியை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. மாதேஸ்வரியையும் பாலாஜி சாரையும் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் காலை நிலையத்துக்குப் போகும் முன் அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மாதம்மாள் அவளோடு பேசவில்லை. இட்லி ஊட்டினாள், வாங்கிக்கொண்டார். தண்ணீர் கொடுத்தாள், குடித்தார். சாந்தம்மாவும் நானும் கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோம். சாப்பிட்டு முடித்ததும் மாதம்மாளே கூப்பிட்டார்.

"பாப்பா."

"சொல்லும்மா."

"பவளம் கண்ணு எரியுதுன்னு சொன்னாளே. அப்ப வாயு இருந்துச்சா? இல்ல, அதுக்கு அப்புறமா வந்துச்சா?"

மாதேஸ்வரி என்னைப் பார்த்தாள். இதற்கு அவள் பொய் சொல்லியிருந்தால் நான் துணை நின்றிருப்பேன்.

"அப்பவே இருந்துச்சும்மா. சர்வர் செய்தி அனுப்பின நேரம் அதுதான்."

"அப்ப அவ சொன்னது சரி."

"சரிதாம்மா."

மாதம்மாள் சாந்தம்மா இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"சாந்தம்மா, பவளத்து வீட்டுக்காரர நீ போயி கூட்டிக்கினு வா. பவளம் பூவுக்காக நின்னு செத்தாள்னு ஊரே பேசுது. அவ போலாம்னுதான் சொன்னா. எந்திரிச்சவள கையப் புடிச்சு உக்கார வெச்சது நானு. அத வேற யாரும் போயி சொல்லக் கூடாது, நான்தான் சொல்லணும்."

"இப்பவாக்கா? கண்ணுக் கட்டாவது அவுக்கட்டும்."

"இப்பவே போ."

சாந்தம்மா போனாள். மாதம்மாள் தன்னை நிமிர்த்தி உட்கார வைக்கச் சொன்னார். மாதேஸ்வரி தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார வைத்தாள்.

"வாசல் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

மாதேஸ்வரி அம்மாவின் தோளைப் பிடித்து வாசல் பக்கமாகத் திருப்பிவிட்டாள்.